பன்னிரண்டாம் கட்டம்

வங்கிக்கோ தபால் ஆபீசுக்கோ போனால் நம் வயதுக்காரர்களை யாராவது ஒருவர் பிடித்துக்கொள்கிறார். வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, பையில் பேனா. இந்த மூன்றும் இருந்தால் போதும், நிரப்பித் தரச் சொல்லிப் பாரத்தை நீட்டிவிடுகிறார்கள். போன மாதம் என்னிடம் ஆறு பேர் நீட்டினார்கள். அதில் இரண்டு பேர் கம்பெனி வேலைக்கு வந்த வடக்கத்திப் பையன்கள். ஆறு பேரையும் திருப்பி அனுப்பினேன். ஆறாவதாக வந்த அம்மாள் சும்மா போகவில்லை.

"வாத்தியாரா இருந்தேன்றீங்க. நாலு வரி எழுதிக் குடுத்தா கை தேஞ்சுடுமா?"

கை தேயாதுதான். முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் எழுதிய கை. உங்களில் பலர் முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுப்பீர்கள், எனக்குத் தெரியும். நான் ஏன் மாட்டேன் என்கிறேன் என்பதை வீட்டுக்கு வெளியே இதுவரை ஒருவரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என்னோடு வேலை பார்த்தவர்களில் ஒவ்வொருவராகக் குறைந்து இப்போது ஒன்பது பேர் மிச்சம். அந்த ஒன்பது பேருக்காவது சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது. அக்காவுக்குப் பதினேழு. அவள் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்த கோடை அது. ஓசூருக்கு வெளியே தொழிற்பேட்டைக்கு நிலம் அளந்து கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டம் அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் இருந்தது, அதனால் இன்னும் சில வருடம் தப்பித்தது. இரண்டு ஏக்கர் முசுக்கொட்டைச் செடி. வீட்டை ஒட்டி நீளமாக ஒரு புழு வளர்க்கும் அறை. அதில் நாற்பத்திரண்டு மூங்கில் தட்டுகள், எல்லாவற்றிலும் பட்டுப்புழு.

பட்டுப்புழு வளர்த்த வீட்டில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தப் புழுவுக்கு எந்த வாசனையும் ஆகாது. கடைசி வாரத்தில் அம்மா கடுகு தாளிக்க மாட்டாள். அப்பா பீடியை மாட்டுக்கொட்டகையைத் தாண்டிப் போய்த்தான் பற்றவைப்பார். அக்கா தலையில் பூ இருக்காது. வெளியே போய் வந்த கால் அறைக்குள் நுழையக் கூடாது. வாசற்படியில் சுண்ணாம்புத்தூளை ஒரு கோடாகக் கொட்டியிருப்பார்கள். உள்ளே இருப்பவர் உள்ளே, வெளியே இருப்பவர் வெளியே. பள்ளிக்கூடம், கடை, தபால் என்று ஊர் சுற்றும் கால் என்னுடையது. ஆகவே நான் எப்போதும் கோட்டுக்கு வெளியே.

கோட்டுக்கு உள்ளே அக்கா பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தாள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இலை போட்டுக்கொண்டே தட்டுகளுக்கு ஆஜர் எடுப்பாள்.

"ஏழாம் தட்டு! ஏன் நேத்து சாப்பிடல? பதிமூணு, பின்னாடி என்ன பேச்சு?"

பிறகு பூகோளம் நடத்துவாள். காவேரி எங்கே தோன்றுகிறது, தென்பெண்ணை எந்த மலையில் பிறந்து நம் ஊருக்கு வருகிறது. நாற்பத்திரண்டு தட்டும் சரசரவென்று இலை தின்றுகொண்டே கேட்கும்.

"புழுவுக்குப் பாடம் சொன்னா நூலு நீளமா வருமா?" என்பாள் அம்மா.

"எதிர்த்துப் பேசாத பசங்கம்மா. இந்த மாதிரி கிளாஸ் எந்த டீச்சருக்குக் கிடைக்கும்?"

அவளுக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கும் வேலை எனக்கு. கிளை நூலகத்தில் எங்கள் இருவர் பேரிலும் அட்டை உண்டு. ஓர் அட்டைக்கு ஒரு புத்தகம், பதினான்கு நாள். அவள் இரண்டையும் மூன்றே நாளில் முடித்துவிடுவாள். காலித் தட்டு ஒன்றைச் சாய்த்து அதில் புத்தகத்தை நிறுத்தி, காம்பிலிருந்து இலை உருவிக்கொண்டே படிப்பாள். கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கியவர்கள், பனியில் வழி தவறியவர்கள், ஆற்றின் மூலத்தைத் தேடிப் போய்த் திரும்பாதவர்கள். இந்த மாதிரிதான் வேண்டும். குடும்பக் கதை கொண்டுபோனால், "இதுக்கு நான் புத்தகம் படிக்கணுமா, நம்ம வீட்டைப் பாத்தா போதாதா" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். அந்தப் பருவத்தில் இருபத்தொன்பது புத்தகம் படித்தாள். ஒவ்வொன்றிலும் இலைச்சாறு பட்ட பச்சை விரல் தடம். நூலகர் ஒரு நாள் பக்கங்களைப் புரட்டிக் காட்டி என்னிடம் கேட்டார்:

"ஏம்பா, உங்க வீட்ல ஆடு படிக்குதா?"

அக்காவிடம் சொன்னேன். தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

அவளுக்கு டீச்சர் ஆக வேண்டும். அந்தக் காலத்தில் படித்த பெண்களில் பாதிப் பேர் அதைத்தான் சொன்னார்கள். அக்காவின் காரணம் வேறு. அவளுடைய தலைமையாசிரியை ஒரு தடவை வகுப்பில் சொன்னாராம், புதிதாக வேலைக்கு வருபவர்களை எப்போதும் பஸ் போகாத ஊருக்குத்தான் போடுவார்கள் என்று. மற்ற பெண்கள் அதைக் கேட்டுப் பயந்தார்கள். இவள் அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

"யோசிச்சுப் பாருடா. நான் தனியா காட்டுக்குப் போறேன்னா அப்பா விடுவாரா? கவர்மெண்டே ஆர்டர் போட்டு அனுப்புச்சின்னா? பொட்டியத் தூக்கிட்டு வந்து பஸ் ஏத்திவிடுவாரு."

அஞ்செட்டிப் பக்கம் போகும் பஸ்ஸின் கண்டக்டரிடம் என்னை அனுப்பி விசாரித்தாள். எந்த ஊரில் ஒரே ஒரு வாத்தியார் உள்ள பள்ளி இருக்கிறது, ரோடு எங்கே முடிகிறது, அங்கிருந்து எத்தனை மைல் நடை, மழைக்காலத்தில் ஆற்றை எப்படிக் கடப்பார்கள். கண்டக்டர் முதல் தடவை சிரித்தார். மூன்றாவது தடவை, "யாருப்பா கேக்கச் சொல்றது, சர்வே ஆபீசா?" என்றார். அவர் சொன்னதையெல்லாம் வைத்து, தட்டில் விரிக்கும் பழைய தாளின் பின்பக்கத்தில் அக்கா ஒரு வரைபடம் போட்டாள். ரோடு முழுக்கோடு, நடைபாதை புள்ளிக்கோடு, பள்ளிக்கூடங்கள் சின்னச் சின்னச் சதுரம். மொத்தம் பதினேழு சதுரம். அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எந்தத் தட்டிலோ விரிந்து, புழு எச்சத்தோடு எருக்குழிக்குப் போயிருக்கும்.

அப்பா மோசமானவர் இல்லை. ஆனால் பேச்சு ஒன்றுதான். "ஒரு தடவை போட்டுப் பாரு. வந்துச்சுன்னா படி. வரலைன்னா தை மாசம் கல்யாணம்." மாப்பிள்ளை வேறு யாருமில்லை, அம்மாவின் கடைசித் தம்பி, எங்கள் மாமா. கர்நாடகா பக்கம் மாலூரில் இருந்தார். எங்கள் ஜனத்தில் அக்கா மகளைக் கட்டுவது வழக்கம். மாமா நல்ல மனிதர்தான், எங்கேயும் போக மாட்டார், யாரையும் போகவும் விட மாட்டார்.

இனி நான் எண்ணிய கதையைச் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்தே எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் ஆயிரத்து நானூற்றுப் பத்து அடி. இன்றைக்கும் பாகலூர் ரோடு சிக்னலில் நின்றால் வினாடி எண்ணுகிறேன், தொண்ணூற்று நான்குக்குக் குறைவதே இல்லை. அந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டில் என்ன பாஷை பேசுகிறோம் என்று எண்ணினேன். நம் ஊரில் இது பெரிய விஷயமில்லை. அம்மா தெலுங்கில் திட்டுவாள், அப்பா இலை பறிக்க வரும் பெண்களிடம் கன்னடத்தில் கணக்குச் சொல்வார், நானும் அக்காவும் புத்தகத்தைப் பற்றிப் பேசினால் தமிழ். காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை நோட்டில் கோடு போட்டேன். தெலுங்கு முந்நூற்றுப் பதினெட்டு வாக்கியம். தமிழ் எழுபத்து நான்கு. கன்னடம் இருபத்தொன்று. எருமையிடம் பேசியதைச் சேர்க்கவில்லை.

அக்காவிடம் காட்டினேன். இலையை உருவிக்கொண்டே பார்த்தாள்.

"பேசுனதை எண்ணிட்டே. சரி. நான் மனசுக்குள்ள படிச்சுக்கிட்டே இருக்கேனே, அது தமிழ்ல. அதை யாரு எண்ணுவா?"

எனக்குக் கோபம் வந்தது. காதில் கேட்காததை எப்படி எண்ணுவது?

ஆசிரியர் பயிற்சிக்கான பாரத்தைத் தலைமையாசிரியையே வாங்கி அனுப்பியிருந்தார். தாமதமாகக் கிடைத்தது. கடைசி நாளுக்கு முந்தைய நாள், மதியம் தபாலில் சேர்த்தால்தான் உண்டு. அன்றைக்குப் பார்த்துப் புழு கடைசிப் பருவம். ஒரு வேளை இலை தவறினாலும் முழு வளர்ப்பும் போய்விடும். அக்கா கோட்டுக்கு உள்ளே, கையெல்லாம் சுண்ணாம்பும் இலைச்சாறும். நான் வெளியே, கவிழ்த்த தட்டின் மேல் பாரத்தை வைத்துக்கொண்டு. என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்று அவளே சொல்லி என்னை எழுதச் சொன்னாள்.

நான் கட்டத்தின் எண்ணைப் படிப்பேன், அவள் உள்ளிருந்து பதில் சொல்வாள். பேர், பிறந்த தேதி, மதிப்பெண். எல்லாம் சரியாக எழுதினேன். அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை.

"பதினொண்ணு. தாய்மொழி."

"தமிழ்னு போடு."

"நம்ம பேசுறது தெலுங்குக்கா. முந்நூத்திப் பதினெட்டு."

"டேய், நேரமில்ல. தமிழ்னு போடு. அடுத்ததும் தமிழ்தான்."

அப்பா சைக்கிளின் மணியை அடித்துக்கொண்டிருந்தார். அரசாங்கத்துக்குப் போகும் தாளில் பொய் எழுதக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, எனக்குத் தானாகவே தோன்றியது. என்னிடம் நோட்டில் ஆதாரம் இருந்தது. பதினொன்றாம் கட்டத்தில் 'தெலுங்கு' என்று எழுதினேன். பன்னிரண்டாம் கட்டம், 'பயிற்சி பெற விரும்பும் மொழிப் பிரிவு'. அப்பாவின் நிலப் பத்திரங்களில் 'மேற்படி' என்ற சொல்லைப் பார்த்து எனக்கு அதன் மேல் ஒரு மயக்கம். பெரியவர்கள் எழுதுவது போல இருக்கும். பன்னிரண்டாம் கட்டத்தில் 'மேற்படி' என்று எழுதி அடியில் ஒரு சின்னக் கோடும் இழுத்தேன்.

அக்கா கையைக் கழுவி, பாவாடையில் துடைத்து, கோட்டுக்கு மேலாகக் கையை நீட்டினாள். நான் கடைசிப் பக்கத்தை மட்டும் மடித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டாள். ஈரம் பட்டு ஓர் எழுத்து லேசாகப் பரவியது. அப்பா வாங்கிக்கொண்டு போனார்.

நேர்முகத்துக்கு அட்டை வந்தது ஆறு வாரம் கழித்து. அதில் தேதியும் இடமும் ஓர் எண்ணும் மட்டும்தான். அன்று அம்மா அடுப்படியில் தாராளமாகக் கடுகு தாளித்தாள், புழு இல்லாத நாள். அக்கா அட்டையை இருபது தடவையாவது படித்திருப்பாள். எனக்குக் கட்டத்தின் நினைவே இல்லை.

கிருஷ்ணகிரி போய், பஸ் மாறி, பயிற்சிப் பள்ளிக்குப் போனோம். அப்பா, அக்கா, நான். அக்கா மாம்பழ நிறத்தில் புதுத் தாவணி. தேர்வு அறையின் கதவு திறந்தே இருந்தது, நாங்கள் இருவரும் வெளியே பெஞ்சில். உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மையார் தெலுங்கில் கேட்கத் தொடங்கினார். அக்காவுக்கு முதலில் திகைப்பு, பிறகு சமாளித்துத் தெலுங்கிலேயே பதில் சொன்னாள். ஏன் டீச்சர் ஆக வேண்டும்? எங்கே போடச் சொன்னாலும் போவாயா? அவள் சொன்ன பதிலுக்கு மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். அப்பா என் தோளைத் தட்டினார். கிடைத்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

அப்போது அந்த அம்மையார் ஒரு வாசகப் புத்தகத்தைத் திறந்து அவள் முன்னால் நகர்த்தினார்.

"சதுவம்மா" என்றார். படி அம்மா என்று அர்த்தம்.

அக்கா குனிந்து பார்த்தாள். பக்கம் முழுக்கத் தெலுங்கு எழுத்து. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. பேசுவதோடு சரி. நம் எல்லையில் அப்படி எத்தனை வீடு! அவள் ஒரு பக்கம் திருப்பினாள், மறுபடி முதல் பக்கத்துக்கே வந்தாள்.

"இது எனக்குப் படிக்கத் தெரியாதுங்க மேடம். நான் தமிழ் மீடியம்."

"தெலுங்குப் பிரிவுன்னு போட்டிருக்கியேம்மா?"

பாரத்தை எடுத்துக் காட்டினார்கள். அக்கா வாங்கிப் பார்த்தாள். அவள் கண் கட்டங்களின் மேல் இறங்கி ஓர் இடத்தில் நின்றது. பிறகு தலையைத் திருப்பிக் கதவுப் பக்கம், என்னைப் பார்த்தாள். நான் நான்கு எண்ணும் வரை பார்த்தாள். எனக்கு அப்போதுதான் 'மேற்படி' ஞாபகம் வந்தது.

"யாரும்மா இதை எழுதினது?"

"நான்தாங்க" என்றாள் அக்கா.

நான் எழுந்து நின்றேன். வாயைத் திறக்கவில்லை. இரண்டடி தூரத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

தமிழ்ப் பிரிவுக்குப் பட்டியல் முடிந்துவிட்டது என்றார்கள். அந்த அம்மையார் நல்லவர், வாசல் வரை வந்து, "அடுத்த வருஷம் கட்டாயம் போடும்மா, நீ நல்லா பேசுறே" என்று சொல்லிவிட்டுப் போனார். தப்பு அவர்கள் மேல் துளியும் இல்லை.

திரும்பும் பஸ் சூளகிரியைத் தாண்டியது. அப்பா முன் சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அந்தப் பிரிவுல கூட்டம் கம்மி, சுலபமா கிடைக்கும்னு யாரு சொல்லிக் குடுத்தது உனக்கு?"

அக்கா நேர்முக அட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"கேட்டிருந்தா நேராப் போடச் சொல்லியிருப்பேன். குறுக்கு வழியில போயி அந்தம்மா முன்னாடி தலைகுனிய வெச்சுட்டியே. அடுத்த வருஷமெல்லாம் கிடையாது."

பட்டுக்கூடு எடைபோடும் இடத்தில், எடை கூட்டுவதற்காக ஈரக்கூட்டைக் காய்ந்த கூட்டோடு கலக்காத மனிதர் அவர். தன் மகள் ஏமாற்றப் பார்த்தாள் என்று நம்பிவிட்டார். நான் ஜன்னல் ஓரம். மைல்கல் எண்ணிக்கொண்டு வந்தேன்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அக்கா மாலூர் போனாள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருக்கிறது. ஆறு வருடம் கழித்து அதே பயிற்சிக்கு நான் பாரம் போட்டேன். எனக்கு வாத்தியார் வேலையில் பெரிய ஆசை ஒன்றுமில்லை, வேறு எதுவும் தோன்றவில்லை, அவ்வளவுதான். பதினொன்றிலும் பன்னிரண்டிலும் தமிழ் என்று எழுதினேன். அப்போதும் வீட்டில் தெலுங்குதான் பேசினோம். கிடைத்தது. முதல் நியமனம், அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம், ரோடு முடிந்து ஒன்பது கிலோமீட்டர் நடை, நடுவில் பாலமில்லாத ஓர் ஆறு. அக்கா போட்ட பதினேழு சதுரங்களில் அது ஒன்றாக இருந்திருக்கும்.

அங்கே நானூற்றுப் பன்னிரண்டு நாள் இருந்தேன். சுவரில் கோடு போட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன், மாறுதல் கேட்டு ஐந்து மனு எழுதினேன். மாலூரிலிருந்து அக்கா இருபத்து மூன்று கடிதம் போட்டாள். ஆறு இப்போது எப்படி ஓடுகிறது, பிள்ளைகள் எந்த வழியாக வருகிறார்கள், ராத்திரி என்ன சத்தம் கேட்கிறது என்று ஒவ்வொன்றிலும் கேள்வி. நான் ஆறு பதில் போட்டேன். ஆறிலும் சோப்பு கிடைக்கவில்லை, அரிசி புழுத்துவிட்டது, மாறுதல் எப்போது வருமோ என்பதுதான்.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். அவர் எண்பத்திரண்டு வயது வரை இருந்தார். கடைசி மாதம் ஆஸ்பத்திரியில் நான்தான் பக்கத்தில். என் மகள் காலேஜுக்கு மனுப் போடப் போகிறாள் என்று சொன்னேன். "நேராப் போடச் சொல்லு. உங்க அக்கா மாதிரி குறுக்கு வழி வேணாம்" என்றார். நான் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். பத்துச் சுளை இருந்தது. ஒவ்வொன்றாக அவர் வாயில் வைத்தேன். பத்தும் தீரும் வரை நேரம் இருந்தது. சொல்லவில்லை.

போன மாதம், வங்கியில் அந்த அம்மாள் திட்டிய மறுநாள், மாலூருக்குப் போனேன். இரண்டு பஸ். மாமா போய் எட்டு வருடம் ஆகிறது. அக்காவுக்கு எழுபத்தொன்று. வாசலில் நாற்காலி போட்டு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கன்னடப் பேப்பர் மடியில். எழுதப் படிக்கத் தானே கற்றுக்கொண்டாள், தெலுங்கும்கூட.

உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, சொல்லிவிட்டேன். பதினொன்றாம் கட்டம், பன்னிரண்டாம் கட்டம், எல்லாம்.

"அன்னிக்கே தெரியுமேடா. உன் எழுத்து எனக்குத் தெரியாதா? அடியில கோடு வேற."

"பின்ன ஏன் நீ எழுதுனேன்னு சொன்னே? எனக்கு அடி விழும்னா?"

"உனக்காகவா?" என்று சிரித்தாள். "அந்த மேடம் முன்னாடி எப்படிச் சொல்வேன்? தம்பி எழுதுனான், நான் படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டேன்னா? டீச்சராகப் போறவ பேசுற பேச்சா அது? தெலுங்கு வராதுன்றதைவிட அது கேவலமா இருந்துச்சுடா எனக்கு."

ஐம்பத்து நான்கு வருடமாக அவள் என்னைக் காப்பாற்றினாள் என்று நினைத்து, அந்தக் கடனை நெஞ்சில் சுமந்துகொண்டிருந்தேன். அவளுக்கு அப்படி ஒரு நினைப்பே இல்லை.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம் நீ" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் காயை உரித்தாள். பிறகு, அதுவரை என்னிடம் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"அந்தக் காட்டுப் பள்ளிக்கூடத்துல இருந்தியே, யானை பாத்தியா?"

"பாத்தேன்."

அவரைக்காய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"பாத்தியா! எழுதவே இல்லையேடா பாவி. சொல்லு, சொல்லு."

"பதினொண்ணு" என்றேன். "அதுல குட்டி ரெண்டு. மழை விட்ட காலை நேரம். பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே ஆத்தைக் கடந்துச்சு. இருபது நிமிஷம் ஆச்சு."

"அப்புறம்?"

வாசற்படியில் நின்று நான் எண்ணிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. விரலை மடக்கியதுகூட ஞாபகம் இருக்கிறது. குட்டிகள் தண்ணீருக்குப் பயந்தனவா, பெரியவை அவற்றை எந்தப் பக்கம் விட்டு நடத்தின, என்ன சத்தம் போட்டன, என் பின்னால் நின்ற பிள்ளைகள் என்ன சொன்னார்கள்? தேடித் தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.